நான்கெல்லையிலிருந்து ஆரம்பியுங்கள்: நாம் குடியிருக்கும் புறநகரின் வரலாற்றைத் தேட ஒரு வழி

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி, சென்னையின் தெற்குப் புறநகரான சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. வாசற்படி மூன்றும் முழுகி, நடையில் பாய் மிதந்தது. அடுத்த தெருவில் அதே மழைதான், அதே உயரம்தான், ஆனால் அங்கே கணுக்கால்கூட நனையவில்லை. மறுநாள் மொட்டை மாடியில் நின்றபடி எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னார்: "தண்ணிக்கு அதோட வழி தெரியும்மா. நமக்குத்தான் மறந்துபோச்சு."

அந்த ஒரு பேச்சு என்னைப் பல வருஷம் அலைய வைத்தது. பத்திரம், பதிவேடு, வரைபடம், கெஜட், கல்வெட்டு என்று தேடித் தேடி, இன்றைக்கு எங்கள் தெரு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று என்னால் கையை வைத்துக் காட்ட முடியும். யாராவது கேட்டால் வழி சொல்லிக்கொடுப்பேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாம்பரம், பல்லாவரம் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். ஆவடிக்காரரும் மாதவரத்துக்காரரும் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

முதலில் ஒன்று. "எங்க ஊரோட வரலாறு வேணும்" என்று கிளம்பாதீர்கள். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு கோப்பு கிடையாது. கேட்டால், "என்ன வேணும், சரியாச் சொல்லுங்க" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். சின்னதாக ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது? இந்தப் பிள்ளையார் கோயில் ஏன் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது? 'களத்துமேடு' பஸ் ஸ்டாப்பில் களம் எங்கே? இப்படி ஒன்று போதும். மற்றதெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டு வரும்.

பீரோவில் இருக்கும் காப்பகம்

என் அப்பா ஆவண எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் மேஜை போட்டு எழுதினவர். "பத்திரத்துல பணம் எவ்வளவுன்னு பாக்காத, நாலு எல்லையப் பாரு" என்பார். அது எதற்காக என்பது அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நீங்களும் உங்கள் வீட்டுக் கிரயப்பத்திரத்தை எடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஜெராக்ஸ் கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பலர் தருவார்கள். அதோடு மூலப்பத்திரம், அதாவது தாய்ப்பத்திரம் இருந்தால் அதையும் எடுங்கள். எங்கள் வீட்டுக்கு நான்கு பத்திரம் சங்கிலியாக இருந்தது. 1974-ல் அப்பா வாங்கியது, 1967-ல் மனைப்பிரிவு போட்டவர் வாங்கியது, 1958 பாகப்பிரிவினை, கடைசியாக ஜார்ஜ் மன்னர் படம் போட்ட முத்திரைத்தாளில் எழுதிய 1936 விக்கிரய சாசனம், அதாவது விற்பனைப் பத்திரம்.

பழைய பத்திரத்தைப் பார்த்ததும் மலைக்காதீர்கள். பாதிக்கு மேல் வாய்பாடு. "நிதி நிட்சேப ஜல தரு பாஷாண" என்று போகிற வரி, நிலத்தில் கிடைக்கும் புதையல், நீர், மரம், கல் எல்லாம் வாங்குகிறவருக்கே என்று சொல்லும் பாத்தியதைப் பட்டியல். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்பதும் அப்படித்தான். இவற்றைத் தாண்டி நேராகக் கடைசிக்குப் போய்ச் "சொத்து விவரம்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். ௸ என்று ஒரு சுழி வந்தாலும், 'ஷை' என்று எழுதியிருந்தாலும், 'மேற்படி' என்று படிக்க வேண்டும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே படிப்பு ஓட ஆரம்பித்துவிடும்.

தேதியில் ஒரு கணக்கு உண்டு. பழைய பத்திரத்தில் தமிழ் வருஷமும், வருவாய்க் கணக்குகளில் பசலி என்ற வரி வருஷமும் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். பசலி ஜூலையில் பிறக்கும் என்பதால், பசலி 1346 என்றால் 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வருவதால் அதில் ஏமாறலாம். எங்கள் பத்திரத்தில் 'தாது' என்று இருந்தது. தாது வருஷம் என்றதும் பெரிய பஞ்சம் வந்த 1876-தான் எனக்கு மனதில் வந்தது. முத்திரைத்தாளில் இருந்த மன்னர் முகம்தான் இது அதற்கடுத்த தாது, 1936 என்று காட்டிக்கொடுத்தது.

இப்போது நான்கெல்லை. எங்கள் 1936 பத்திரத்தில் இருந்தது இது:

"ஏரி போக்குக் கால்வாய்க்கும் மேற்கு, வண்டிப்பாட்டைக்கும் வடக்கு, களத்துமேட்டுப் புறம்போக்குக்கும் கிழக்கு, ஷை கிராமத்து நஞ்சைக்கும் தெற்கு, இதன் மத்தியில்."

புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தடவை தடுக்கி விழுவார்கள். 'கால்வாய்க்கு மேற்கு' என்றால் கால்வாய் மேற்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. கால்வாய்க்கு மேற்குப் பக்கத்தில் நம் நிலம் இருக்கிறது. அப்படியென்றால் கால்வாய் நமக்குக் கிழக்கே. இதை நோட்டில் சின்னப் படமாக, நடுவில் ஒரு கட்டமும் நான்கு பக்கமும் நான்கு பெயரும் போட்டு வரைந்துவிடுங்கள். வரையாமல் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது.

நான்கு பத்திரத்துக்கும் நான்கு கட்டம் வரைந்து வரிசையாக வைத்தேன். 1936-ல் கிழக்கெல்லை 'ஏரி போக்குக் கால்வாய்'. 1958-ல் வெறும் 'கால்வாய்'. 1967-ல் '20 அடி ரோடு'. 1974-ல் எங்கள் தெருவின் பெயர். நடு ராத்திரி, சாப்பாட்டு மேஜையில், இந்த நான்கு கட்டத்தையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏரி நிறைந்தால் உபரி நீர் போகிற வழிதான் எங்கள் தெரு.

அளவுகளையும் கவனியுங்கள். 1936-ல் காணிக் கணக்கு, 1958-ல் செண்டு, 1967-லிருந்து கிரவுண்டும் சதுர அடியும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, 24 கிரவுண்டு ஒரு காணி. விளைகிற நிலம் வீட்டுமனையாக மாறிய நாளை இந்த அளவுச் சொல்லே காட்டிவிடும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஊருக்குள்ளிருந்து தாம்பரத்துக்கு வந்தது. குரோம் லெதர் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயரே கொடுத்தது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பத்திரங்களில் 'மனை' என்ற சொல் முதலில் எப்போது வருகிறது என்று பாருங்கள். ரயில் வந்த உடனேயா, ஒரு தலைமுறை கழித்தா? ஊருக்கு ஊர் இது மாறும்.

தாய்ப்பத்திரம் கையில் இல்லாவிட்டால் வில்லங்கச் சான்று போடுங்கள். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-லிருந்து இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியது இணையத்தில் இல்லாவிட்டால் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். ஆவண எண் கிடைத்ததும் நகலுக்கு எழுதிப் போடலாம்.

ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது?

இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் பல நாளை வீணாக்கினேன். சிட்லபாக்கம் இன்று தாம்பரம் மாநகராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு எங்கள் பேரூராட்சியையும் இன்னும் நான்கையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். மாவட்டம் இப்போது செங்கல்பட்டு. 2019 நவம்பருக்கு முன்னால் காஞ்சிபுரம். 1997-க்கு முன்னால் செங்கல்பட்டு–எம்.ஜி.ஆர். மாவட்டம். எங்கள் பத்திரத்தில் 'செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுக்கா'. அதற்கும் முன்னால் இந்த ஜில்லாவுக்கு மதராஸ் ஜில்லா என்றே பெயர் இருந்தது. குரோல் என்ற அதிகாரி 1879-ல் எழுதிய ஜில்லா மேனுவலின் தலைப்பிலேயே 'முன்னாள் மதராஸ்' என்று இருக்கிறது. இந்தப் பக்கத்தைத் தேடும் எல்லோரும் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் அது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆகவே 1920-ஆம் வருஷக் கோப்பில் 'தாம்பரம் தாலுக்கா' என்று தேடினால் ஒன்றும் வராது. ஒரு தாளில் கோடு போட்டு, எந்த வருஷத்தில் எந்த ஜில்லா, எந்த தாலுக்கா, எந்தப் பஞ்சாயத்து என்று எழுதி வைத்துக்கொண்டு பிறகு வெளியே கிளம்புங்கள்.

வருவாய் கிராமத்தின் பெயரும் முக்கியம். நாம் பேச்சில் பல்லாவரம் என்று ஒரே பெயரைச் சொல்கிறோம். கணக்கில் ஜமீன் பல்லாவரம் வேறு, ஈசா பல்லாவரம் வேறு, ராணுவத்துக்கான கண்டோன்மெண்ட் வேறு. 'ஜமீன்' என்ற அந்த ஒட்டுச்சொல்லே ஒரு காலத்து நில உரிமையைப் பெயரில் சுமந்துகொண்டு நிற்கிறது.

அ-பதிவேடும் புலப்படமும்

பத்திரத்தில் சர்வே எண் இருக்கும். இதில்தான் பெரிய சிக்கல். கிராமமாக இருந்தபோது ஒரு எண், மறு அளவையில் ஒரு எண், நகர அளவை வந்ததும் வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண். மூன்றும் ஒரே மண்ணுக்குத்தான். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட தொடர்புப் பட்டியல் தாலுக்கா அலுவலக நில அளவைப் பிரிவில் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். அது இல்லாமல் மேலே போனால் வேறு யாரோ ஒருவருடைய வயலின் கதையை நம் கதை என்று எழுதிவிடுவோம்.

எண் உறுதியானதும் அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலங்களைச் சர்வே எண்வாரியாக எழுதிய கணக்கு. வருவாய்த் துறையின் இணையதளத்தில் உங்கள் எண்ணுக்கான பகுதி கிடைக்கும். பலர் பட்டாதாரர் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு உபயோகப்பட்டது மற்ற பத்திகள்தான். ரயத்துவாரியா (நிலக்காரர் நேராக அரசாங்கத்துக்கு வரி கட்டுவது), இனாமா (மானியம்), சர்க்காரா? நஞ்சையா, புஞ்சையா? பாசன ஆதாரம் எந்த ஏரி? 'மண் வயனமும் ரகமும்', அதாவது மண்ணின் வகையும் தரமும், என்ன? தீர்வை எவ்வளவு? குறிப்புப் பத்தியில் களம், மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு, வாய்க்கால் என்று எழுதியிருக்கும். ஊரே அந்தப் பத்தியில் நடமாடும். ஒரு கிராமத்தின் அ-பதிவேட்டை முழுக்கப் படித்து, புறம்போக்குகளை மட்டும் தனியாக எழுதி எடுங்கள். நானும் என் மருமகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். எழுதி முடித்தபோது ஊரின் மேய்ச்சல் எங்கே, நெல் அடித்தது எங்கே, பிணம் போன பாதை எது, எல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு புலப்படம், எஃப்.எம்.பி. என்பது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனிப்படம். மூலைக்கல்லிலிருந்து மூலைக்கல் வரை அளவு போட்டிருக்கும். பழைய கிராம வரைபடம் கிடைத்தால் அதன் மேல் டிரேசிங் தாள் வைத்து நீர்நிலைகளை மட்டும் நீல பென்சிலால் வரைந்து பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் நிலப்பட வரைத்தாளில் எங்கள் பகுதி 66 டி/1. அதில் பெரிய படமும் தெரியும். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் உபரி நீர்தான் அடுத்த ஏரியின் வரத்து. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று இதைப் பார்த்தபிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏரிகளுக்கென்று தனியாக ஒரு ஆவணமும் இருக்கிறது. 1883-ல் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்தில் ஏரி ஏரியாக அளந்து, ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், எவ்வளவு, கலங்கலின் நீளம் என்ன, மதகு எத்தனை என்று 'மெமாயர்' எழுதி வைத்தார்கள். நீர்வளத் துறை அலுவலகத்தில் உங்கள் ஏரியின் மெமாயரைக் கேளுங்கள்.

கேட்டது கிடைக்காத நாட்களும் வரும். ஒரு அலுவலகத்தில் நான் ஐந்து தடவை போயும் "பழைய படமெல்லாம் நைஞ்சு போச்சும்மா" என்றே அனுப்பிவிட்டார்கள். ஆறாவது தடவை போகாமல், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனு போட்டேன். மனுவில் 'வரலாறு' என்று எழுதாதீர்கள். கிராமம், தாலுக்கா, சர்வே எண், ஆவணத்தின் பெயர், 'சான்றிட்ட நகல் வேண்டும்' என்று ஐந்து வரி போதும். நைந்துபோனதாகச் சொன்ன படம் முப்பது நாளுக்குள் தபாலில் வந்தது.

எழும்பூரில் ஒரு வாரம்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில், சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறது. 1909-லிருந்து அங்கேதான். முன்பு மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று பெயர். உள்ளே போக விண்ணப்பமும் அடையாள அட்டையும் வேண்டும். எதைத் தேடுகிறேன், எந்த வருஷங்கள், எதற்காக என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் முதல் நாள் கேட்டுவிட்டு வருவதற்கு மட்டும் போனாலும் நஷ்டமில்லை. பென்சில் கொண்டுபோங்கள்.

அங்கே ஊர்வாரியாகக் கோப்பு அடுக்கியிருக்காது. துறைவாரி, வருஷவாரி. வருவாய்த் துறை, உள்ளாட்சி, பொதுப்பணி, வருவாய் வாரிய நடவடிக்கைகள் என்று ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு ஒரு அட்டவணைத் தொகுதி. முதல் இரண்டு நாள் அட்டவணையைப் புரட்டுவதிலேயே போகட்டும். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் அவர்கள் எழுதிய விதத்தில் தேட வேண்டும். பல்லாவரத்தை ஒற்றை 'எல்' போட்டும், கடைசியில் 'வேரம்' என்று முடித்தும் எழுதியிருக்கிறார்கள். பரங்கிமலையை 'செயின்ட் தாமஸ் மவுண்ட்' என்று பார்க்க வேண்டும். கண்டோன்மெண்டில் நடந்ததெல்லாம் ராணுவத் துறைக் கோப்புகளில் போய் ஒளிந்திருக்கும்.

புறநகர்க்காரர்களுக்கு மூன்று தொகுதிகளை முக்கியமாகச் சொல்வேன்.

இனாம் பதிவேடு. 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய், யார் யாருக்கு எந்த நிலம் எதற்காக மானியமாகக் கிடைத்தது என்று விசாரித்து எழுதியது. கோயில் விளக்குக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு, தர்காவுக்கு, ஊர்க் காவலுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு என்று இருக்கும். உங்கள் ஊரில் இத்தனை தொழில்காரர்கள் இருந்தார்களா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட். அரசாங்கம் ரோட்டுக்கோ ரயிலுக்கோ நிலம் எடுத்தால் அறிவிப்பு அதில் வரும். சர்வே எண், பரப்பு, யாருடையது, நான்கெல்லை எல்லாம் அச்சில் இருக்கும். உங்கள் பத்திரத்தில் விட்டுப்போன எல்லையைப் பல சமயம் பக்கத்து நிலத்தின் அறிவிப்பு நிரப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கற்பட்டு ஜாகீரில் (ஆற்காட்டு நவாப் கும்பெனிக்குக் கொடுத்த பகுதி) எடுத்த அளவை. ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்கள். வீடு எத்தனை, ஏரி எத்தனை, யார் யார் என்ன தொழில் என்று எடுத்தது. உங்கள் கிராமம் அதில் இருந்தால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஊர் ஒரே பக்கத்தில் கண்ணில் தெரியும்.

ஒரு நாளைக்கு இரண்டு கோப்பு நிதானமாகப் பார்த்தால் அது நல்ல நாள். காகிதம் அப்பளம்போல் உடையும். ஓரத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள், உள்ளங்கையை அடியில் கொடுத்துத் திருப்புங்கள். கோப்பு எண், தேதி, பக்கம் மூன்றையும் முதலில் எழுதிவிட்டுத்தான் விஷயத்தை எழுத வேண்டும். இதை ஒரே ஒரு தடவை மறந்து, மறுபடியும் அதே தாளைத் தேட எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

அங்கிருந்து வெளியே வந்தால் கன்னிமாரா நூலகம் நடக்கிற தூரம்தான். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாவட்டக் கையேடுகளை அங்கே கேளுங்கள். பக்கத்து அருங்காட்சியகத்தில் பல்லாவரத்தில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெட்டி, இருக்கிறது. அதை நேரில் பாருங்கள். பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சரளை மண்ணில் ஒரு கல் ஆயுதத்தைக் குனிந்து எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகம் பேச ஆரம்பித்தது அந்தக் கல்லிலிருந்து. நாம் ஷேர் ஆட்டோவில் தாண்டிப் போகிற இடம் அது. லட்சக்கணக்கான வருஷத்தைப் பற்றி நமக்குத் தெரிகிறது, 1950-ல் நம் தெருமுனையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. அதை அடைக்க நம்மைப் போன்றவர்கள்தான் உட்கார வேண்டும்.

கல்வெட்டு பற்றிச் சுருக்கமாக. உங்கள் பக்கத்தில் பழைய கோயில் இருந்தால் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளில் அதன் கல்வெட்டுகள் பட்டியலாக வந்திருக்கும். திரிசூலம் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இன்று தர்காவாக இருக்கிறது. அவன் பட்டப்பெயர்கள் அங்கே கல்லில் உண்டு. இந்தப் பக்கமெல்லாம் அந்தக் காலத்தில் புலியூர்க் கோட்டம் என்ற நாட்டுப் பிரிவைச் சேர்ந்தது. சுவரைச் சுரண்டாதீர்கள், மாவு தடவிப் படம் எடுக்காதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானே எழுந்து நிற்கும்.

படத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போங்கள்

இதைக் கடைசியில் செய்யுங்கள். வெறுங்கையோடு போய் "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு பாட்டி?" என்றால், "நல்லா இருந்துச்சும்மா" என்பார்கள், முடிந்துவிடும். டிரேசிங் படத்தோடும் பழைய பெயர்களோடும் போங்கள். "களத்துமேட்டுக்கு எந்தப் பக்கமா போவீங்க?" என்று கேட்டால் கை தானாக நீளும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சர்வே எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் ரியல் எஸ்டேட்காரி என்றுதான் நினைப்பார்கள், இல்லையென்றால் ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவள் என்று. "நான் இந்த ஊர்தான், இன்னார் மகள், பழைய ஊரைப் பத்தி எழுதறேன், யாரோட பத்திரமும் எனக்கு வேண்டாம்" என்று ஆரம்பியுங்கள். பத்திரங்களில் ஜாதியும் கடனும் குடும்பச் சண்டையும் எல்லாம் இருக்கும். அவற்றை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே எழுதாதீர்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு பார்க்கக் கிடைத்தாலும் அப்படித்தான். அப்பாக்களின் தொழிலை எண்ணிக்கையாக எடுங்கள், பெயர் வேண்டாம். கர்ணம், அதாவது கிராமக் கணக்கு, பார்த்த குடும்பங்கள் ஊரில் இருந்தால் மரியாதையோடு போய்ப் பாருங்கள். 1980-ல் அந்தப் பதவி போய்விட்டது, ஆனால் தாத்தா வாயால் சொன்ன எல்லைகள் பேரன்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

பத்திரம் சொன்னதைப் படமும், படம் சொன்னதை ஒரு மனிதரும் ஒத்துக்கொண்டால்தான் நான் எழுதுவேன். இல்லையென்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு விட்டுவிடுவேன்.

எங்கள் தெருவுக்கு அந்த மூன்றாவது சாட்சி வெகுநாள் கிடைக்கவில்லை. போன தை மாதம், பூக்கட்டி விற்கிற ஒரு பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நீலக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்து, எங்கள் தெருவும் பெரிய ரோடும் சேரும் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க ஒரு பாலம் இருக்கும்மா. பாலம்னா பெருசா இல்ல, ரெண்டு கல்லு. வண்டி மாடு தாண்டிப் போகும்."

"இப்ப இருக்கா பாட்டி?"

"வா, காட்டறேன்."

கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு நடந்தார். மளிகைக் கடை ஒன்றின் முன்னால், சாக்கடை மேல் படியாகக் கிடந்த கருங்கல்லைக் காலால் தட்டினார். "இதுல உக்காந்துதான் துணி தொவைப்போம். ஐப்பசி கார்த்திகைல கால் வைக்க முடியாது, இழுத்துக்கிட்டுப் போயிடும்."

கடைக்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டு டேப் போட்டு அளந்தேன். நீளம் நான்கே முக்கால் அடி, அகலம் ஒன்றேகால். ஒரு ஓரத்தில் சக்கரம் ஏறித் தேய்ந்த பள்ளம், விரல் உள்ளே போகிற ஆழம். கடைக் கதவிலிருந்து கல்லின் கிழக்கு முனைக்கு எத்தனை அடி, மின்கம்பத்திலிருந்து எத்தனை அடி என்று நோட்டில் குறித்தேன். ஒரு நாள் கல்லை எடுத்துவிட்டாலும் இடம் போகாது. அதற்குக் கீழே தேதி, பாட்டி சொன்ன வார்த்தை அப்படியே, பிறகு 1936 பத்திரத்தின் ஆவண எண். இடம் விட்டு 'டி.எஸ். எண்:' என்று எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தாலுக்கா அலுவலகம் போய்ப் பார்க்க வேண்டும்.